மாதவிடாய் நிற்கும் வயதில் எடை குறைப்பது: எது முதலில், எது அப்புறம்

எடை குறைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது, காலையை வெறும் காபியோடு ஓட்டுவது, மாதம் ஐந்து கிலோ என்று கணக்குப் போடுவது. முப்பது வயதில் இது ஏதோ ஒரு விதத்தில் பலித்திருக்கலாம். மாதவிடாய் தாறுமாறாகி நிற்கப்போகும் காலத்திலும், நின்ற பிறகும் இதே வழியில் போனால் கொழுப்போடு சேர்ந்து தசையும் எலும்பும் கரையும். சில மாதம் கழித்துப் பழையபடி சாப்பிடத் தொடங்கினால் கொழுப்பு வேகமாகத் திரும்பிவிடும். தசை அப்படித் திரும்பாது. முன்பைவிடப் பலம் குறைந்த உடம்போடு அதே எடையில் வந்து நிற்போம்.

அதனால் இந்த வழிகாட்டியில் சாப்பாட்டைக் குறைப்பது ஐந்தாவது படியாகத்தான் வருகிறது. முதல் நான்கைத் தாண்டிக் குதித்து அங்கே போக ஆசை வரும். போகாதீர்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ரத்தப்போக்கு இல்லாமல் இருந்தால்தான் மருத்துவர்கள் அதை மெனோபாஸ் என்று சொல்வார்கள். பலருக்கு 45க்கும் 55க்கும் நடுவில் இது நடக்கிறது. அதற்கு முன்னால் சில வருடங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். சூடேறுவது, வேர்த்துக்கொட்டுவது, தூக்கம் கெடுவது, எரிச்சல் எல்லாம் அப்போதே தொடங்கிவிடும். வயிறு பருக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய 'ஸ்வான்' என்ற ஆய்வு நடுவயதுப் பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. 2019-ல் அதிலிருந்து வந்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. எடை, வயதோடு சீராக ஏறிக்கொண்டுதான் இருந்தது. மெனோபாஸ் வந்ததும் அது திடீரென்று வேகம் பிடிக்கவில்லை. ஆனால் அந்த எடைக்குள் இருக்கும் கலவை மாறியது. மெனோபாஸுக்கு முந்தைய அந்த மாறுதல் காலம் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, தசை குறையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு சுமார் இரண்டு வருடத்தில் இந்த வேகம் அடங்கியது. கொழுப்பு ஏறித் தசை இறங்கினால் எடை இயந்திரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். 'எடை ரெண்டு கிலோதான் கூடியிருக்கு, ஆனா பழைய துணி எதுவும் பத்தலை' என்பதன் காரணம் இதுதான்.

ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கும்வரை பெண்ணுடம்பு கொழுப்பைப் பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் சேர்த்து வைக்கும். அது குறைந்ததும் கொழுப்பு வயிற்றுக்கு, குறிப்பாக உள்ளுறுப்புகளைச் சுற்றிப் போகிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புள்ளது இந்த உள்வயிற்றுக் கொழுப்புதான்.

'என் மெட்டபாலிசம் படுத்துவிட்டது' என்று பலரும் சொல்வோம். 2021-ல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வு, உடலின் அளவையும் கலவையையும் கணக்கில் எடுத்தால் 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது என்று காட்டியது. சரிவு அறுபதுக்குப் பிறகுதான், அதுவும் மெதுவாக. அப்படியானால் எடை ஏன் ஏறுகிறது? தசை குறைகிறது, நடமாட்டம் குறைகிறது, தூக்கம் கெட்டுப் பசி கூடுகிறது. மூன்றுமே நாம் கை வைக்கக்கூடியவை. இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: ஒரு தடவை மருத்துவரைப் பாருங்கள்

எல்லாப் பழியையும் மெனோபாஸ் மேல் போட்டுவிடுவது சுலபம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் களைப்பு, மலச்சிக்கல், எடை ஏற்றம், தோல் வறட்சி எல்லாம் வரும். இந்த வயதுப் பெண்களுக்கு அது சகஜம். டிஎஸ்ஹெச் என்ற எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதோடு சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துப்போங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனச்சோர்வு மருந்துகள், வலிப்பு மருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின், ப்ரீகாபலின் போன்றவை எடையை ஏற்றலாம். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்து இருக்கிறதா என்று கேட்கலாம்.

ஹார்மோன் அளவைப் பார்க்கிறோம் என்று விலை கூடிய பரிசோதனைத் தொகுப்புகளை விற்பவர்கள் இருக்கிறார்கள். 45 தாண்டியவருக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போய், சூடேறும் தொல்லையும் இருந்தால் மெனோபாஸ் காலம் என்று சொல்ல அதுவே போதும். அந்த வயதில் ஈஸ்ட்ரோஜன் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு நாள் எடுத்த அளவு உங்கள் எடைக்கு எந்த வழியையும் காட்டாது.

சில விஷயங்களை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. பன்னிரண்டு மாதம் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு துளியாக இருந்தாலும் காட்டுங்கள். வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, அடிவயிறு வலிக்கிறது, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதைத் தொப்பை என்று ஒதுக்காதீர்கள். சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வரும். முயற்சி எதுவும் செய்யாமலே எடை மளமளவென்று குறைந்தாலும் உடனே போக வேண்டும். இன்னொன்று, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதால் கர்ப்பம் தரிக்க வாய்ப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஐம்பது வயதுக்குக் கீழே நின்றுபோனால் இரண்டு வருடம், ஐம்பதுக்கு மேல் நின்றுபோனால் ஒரு வருடம் வரை கருத்தடை தொடர வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

படி 2: டேப்பை எடுங்கள்

எடை இயந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் அதைவிட முக்கியம் தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணிக்கு மேலாக இல்லாமல் தோலில் படும்படி, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டதும் வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்து யாரை ஏமாற்றப்போகிறோம்? அந்தச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழே இருப்பது நல்லது. உயரம் 158 செ.மீ. என்றால் வயிறு 79 செ.மீ.க்குள். அதைவிட மிக அதிகமாக இருந்தாலும் கலங்க வேண்டாம். அங்கிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராக இறங்கினாலும் பலன்தான்.

மாதம் ஒருமுறை டேப். வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் கழிவறை போய்வந்த பிறகு எடை; அந்த வாரத்துச் சராசரியை மட்டும் எழுதி வையுங்கள். உப்பு கூடிய ஒரு சாப்பாடு, மலச்சிக்கல், தாறுமாறாக வரும் மாதவிடாய்க்கு முன்னால் தேங்கும் நீர் என்று ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அது கொழுப்பு இல்லை.

மூன்றாவதாக ஓர் அளவு உண்டு. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். எடை நகராமல் அடம்பிடிக்கும் மாதங்களிலும் இந்த எண்ணிக்கை ஏறும்.

படி 3: பளு தூக்கப் பழகுங்கள், புரதத்தைக் கூட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ஆனால் எடை குறையவில்லை என்பவர்கள் நிறையப் பேர். நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது. ஆனால் கரையும் தசையை நடை மட்டும் பிடித்து நிறுத்தாது. தசைக்குத் தேவை, அதற்குச் சிரமமான ஒரு பளு. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோடு, வாரம் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த இரண்டாவது பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். ஐந்து அசைவுகள் போதும்.

உட்கார்ந்து எழுவது: உறுதியான நாற்காலியின் முன்னால் நின்று, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி மெதுவாக உட்காருங்கள், பாதத்தை அழுத்தி எழுங்கள். சுலபமாகிவிட்டால் மார்போடு ஒரு பளுவை அணைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தள்ளுவது: சுவரில் கைகளை ஊன்றிக்கொண்டு தண்டால். பழகியதும் மேசை விளிம்பில், பிறகு தரையில்.

இழுப்பது: ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை) உறுதியான கம்பியில் மாட்டி, முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் இழுங்கள். கூன் விழாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

குனிந்து தூக்குவது: முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து மட்டும் மடங்கி, இரண்டு கையிலும் பளுவோடு இறங்கி எழுவது. முதுகு வளைந்தால் பளு அதிகம் என்று அர்த்தம்.

சுமந்து நடப்பது: இரண்டு கையிலும் பளுவான பைகளோடு நிமிர்ந்து ஒரு நிமிடம் நடங்கள். கைப்பிடி, தோள், வயிறு எல்லாம் வேலை செய்யும்.

முதல் நான்கை 8 முதல் 12 தடவை, அப்படி இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் செய்முறை கெடக் கூடாது. பளுவை அப்படித் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு தடவை அலட்டிக்கொள்ளாமல் முடிந்துவிட்டால் அடுத்த வாரம் பளுவைக் கொஞ்சம் கூட்டுங்கள். இந்தக் கூட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. வருடம் முழுக்க அதே ஒரு கிலோ டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருந்தால் தசைக்கு அது வேலையாகவே தெரியாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது.

முதல் இரண்டு வாரம் உடம்பு வலிக்கும். செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் இருக்கும் அந்தப் பிடிப்பு இயல்பானது. மூட்டுக்குள் சுரீரென்று குத்தினால் அது வேறு. நிறுத்திவிட்டு வேறு அசைவுக்கு மாறுங்கள். பளு தூக்கினால் ஆண்கள் மாதிரி ஆகிவிடுவேனோ என்ற பயத்துக்கு ஒரே பதில்: அந்த அளவு தசை வைக்க வருடக்கணக்கில் வெறித்தனமாக உழைக்க வேண்டும், தற்செயலாக யாருக்கும் வராது.

எலும்பு பலவீனமாக இருப்பவர்களுக்குத்தான் இது இன்னும் தேவை. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மெனோபாஸ் தாண்டிய பெண்களை வைத்து 'லிஃப்ட்மோர்' என்ற சோதனை நடந்தது. அவர்களின் சராசரி வயது 65. எட்டு மாதம், வாரம் இருமுறை, அரை மணி நேரம், பயிற்றுநர் மேற்பார்வையில் நிஜமாகவே கனமான பளு தூக்கினார்கள். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்த குழுவுக்குக் குறைந்தது. மேற்பார்வை என்ற சொல்லைக் கவனியுங்கள். எலும்புத் தேய்மானம் இருப்பதாகத் தெரிந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்டு தொடங்க வேண்டும். முன்னால் வளைந்து முதுகைத் திருகும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தடை உண்டு. தும்மினாலும் குதித்தாலும் பளு தூக்கினாலும் சிறுநீர் கசிவது. இதற்கு வெட்கப்பட்டே பலர் உடற்பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கி, சில விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். பத்துப் பத்துத் தடவையாக ஒரு நாளைக்கு மூன்று முறை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். சில மாதங்களில் பலருக்கு நன்றாகக் குறையும். எடை குறைவதும் உதவும்: 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்த பெண்களுக்கு வாரத்தில் கசியும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகின.

இனி புரதம். தசைக்கு வேலை கொடுத்துவிட்டு அதைக் கட்டப் பொருள் கொடுக்காமல் இருந்தால் என்ன பயன்? பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். வயது ஏறும்போது 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது முதுமை சார்ந்த ஊட்டச்சத்து நிபுணர்கள் பலரின் கருத்து. 65 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 7 கிராம், சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20 முதல் 30, வேகவைத்த பயறு ஒரு கோப்பையில் 15 கிராம் அளவு புரதம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலோரின் காலை உணவில் புரதம் அநேகமாக இருக்காது. அங்கிருந்துதான் சரிசெய்ய வேண்டும். ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாமல் வேளைக்கு 20, 25 கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படி 4: தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

இரவில் வேர்த்து நனைந்து மூன்று தடவை எழுந்து, காலையில் கண் எரிய உட்கார்ந்திருப்பவரிடம் 'கட்டுப்பாடாகச் சாப்பிடுங்கள்' என்று சொல்வது நியாயமே இல்லை. 2010-ல் 10 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய சோதனை: அதே குறைந்த கலோரி உணவு, இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கையில், இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். எடை இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்த வாரங்களில் அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய், தசை முதலானவற்றின் இழப்பு கூடியது. பசியும் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் தூக்கம் கெட்டவர்கள் அனுபவத்தில் அறிந்ததைத்தான் அதுவும் சொல்கிறது.

குளிர்ந்த அறை, மெல்லிய பருத்தித் துணி, மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம், மது வேண்டாம். இவை கொஞ்சம் உதவும். வேர்த்துக்கொட்டுவது கடுமையாக இருந்தால் இதையெல்லாம் வைத்து மல்லுக்கட்டாதீர்கள், மருத்துவம் இருக்கிறது. அதில் மிகவும் பலனளிப்பது, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சை. அது எல்லோருக்கும் பொருந்தாது; மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள். ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு. தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தைச் சிகிச்சை இந்த வயதுப் பெண்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்கிறது என்றால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கு அது கூடுகிறது, ஆண்களின் நோய் என்று நினைத்து யாரும் சந்தேகப்படுவதில்லை.

படி 5: இப்போது சாப்பாடு

பளு, புரதம், தூக்கம் மூன்றும் ஓரளவு வழிக்கு வந்த பிறகு, அதாவது ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து இங்கே வாருங்கள். சிலருக்கு இதற்குள்ளேயே வயிற்றுச் சுற்றளவு இறங்கத் தொடங்கியிருக்கும்.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வாயில் போடுவது எல்லாவற்றையும் எழுதுங்கள். சமைக்கும்போது ருசி பார்த்தது, வீணாகக் கூடாது என்று அடுத்தவர் தட்டில் மிச்சமானதைத் தின்றது, இரண்டு தடவை குடித்த சர்க்கரை போட்ட டீ எல்லாமே. குடும்பத்துக்குச் சமைக்கும் பெண்களின் கணக்கில் இந்தச் சில்லறைதான் ஒரு வேளைச் சாப்பாட்டளவு வரும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 120 கலோரி. ஒரு கைப்பிடிக் கொட்டைப் பருப்பு 170க்கு மேல். இவை கெட்டவை இல்லை. அளக்காமல் ஊற்றினால், கொறித்தால் கணக்கு எகிறும், அவ்வளவுதான்.

பிறகு நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி குறையும்படி வெட்டுங்கள். எங்கே வெட்டுவது என்பதை உங்கள் எழுத்துக் குறிப்பே காட்டிவிடும். இனிப்புப் பானங்கள், பேக்கரிப் பண்டங்கள், பொரித்தவை, மது இவற்றில் தொடங்கினால் வயிற்றில் பசி தெரியாது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம். நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமுக்குக் குறையாமல். கால்சியத்துக்குப் பாலோ தயிரோ அதற்கு ஈடானதோ கட்டாயம். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு நாளுக்கு 1,200 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. வைட்டமின் டி குறைவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எடை குறையும்போது எலும்பும் சற்று இளகும் என்பதால் இது சும்மா சொல்வதில்லை.

நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் போக வேண்டாம். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ இறங்கினால் போதும், அதுவே நல்ல வேகம்.

நேரம் பார்த்துச் சாப்பிடும் விரதம் நல்லதா என்று கேட்பார்கள். மொத்தக் கலோரி ஒன்றாக இருந்தால் அதில் தனி மாயம் இல்லை. இரவில் கொறிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேலியாக உதவும். காலை உணவோடு அன்றைய புரதத்தில் மூன்றில் ஒரு பங்கையும் தொலைப்பவர்களுக்கு நஷ்டம். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாகப் பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

இலக்கு எவ்வளவு வைப்பது? இருபத்தைந்து வயது எடையை மறந்துவிடுங்கள். இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம். 80 கிலோ என்றால் நான்கு முதல் எட்டுக் கிலோ. பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் 2002-ல் வெளியான அமெரிக்காவின் புகழ்பெற்ற நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கே 7 சதவீத எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான். அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. முழங்கால் வலிப்பவர்களுக்கும் ஒரு கணக்கு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது.

நடை

சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும். மூச்சு வாங்கும், ஆனால் பேச முடியும் என்ற வேகத்தில் வாரம் 150 நிமிடத்தை எட்டப் பாருங்கள். நடையால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது. குறைந்த எடை திரும்பாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மருந்துகள் பற்றி

ஹார்மோன் சிகிச்சை எடை குறைக்கும் மருந்து இல்லை. எடையை ஏற்றும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. சூட்டையும் தூக்கத்தையும் சரிசெய்வதன் மூலம் மற்றதையெல்லாம் செய்ய உங்களுக்குத் தெம்பு தரும், அவ்வளவே.

எடை குறைக்கத் தரும் செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசிகள் நிஜமாகவே வேலை செய்கின்றன. செமாக்ளுடைடின் முக்கியச் சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத அளவுக்கு எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதும் அதே சோதனையின் தொடர்ச்சியில் தெரிந்தது. பசியை அடக்குவதால் புரதமும் குறைந்துபோகும், இறங்கும் எடையில் தசையும் சேர்ந்து போகும். ஆகவே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மூன்றாவது படி இரட்டிப்பு முக்கியம். எடை அதிகமாக இருந்து சர்க்கரை, இதய நோய் அபாயமும் உள்ளவர்கள் இதைக் குறுக்குவழி என்று கூச்சப்படாமல் மருத்துவரிடம் பேசலாம். கர்ப்பத்துக்கு இன்னும் வாய்ப்பு இருக்கும் வயதில் இருந்தால் கருத்தடை பற்றியும் கேளுங்கள். டிர்செபடைட், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும்.

'ஹார்மோன் சமநிலை' டீ, தொப்பை கரைக்கும் பொடி, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பெல்ட் இவற்றுக்கு ஒரு பத்தி கூட வீண். அந்தப் பணத்தில் நல்ல டம்பெல் ஒரு ஜோடி வாங்குங்கள்.

எடை நகராமல் நின்றுவிட்டால்

ஒரு வாரம் நின்றால் எதுவும் செய்யாதீர்கள். எடை, டேப் இரண்டுமே நான்கு வாரம் அசையவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டேப் இறங்கி எடை நின்றால் எல்லாம் சரியாகவே போகிறது. கொழுப்பு போன இடத்தில் தசை வந்திருக்கிறது.

இரண்டுமே நின்றுவிட்டால் மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கரண்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கும், எல்லோருக்கும் நடப்பதுதான். எடை குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த ஆற்றலே தேவை என்பதால், முன்பு குறைத்துச் சாப்பிட்ட அளவே இப்போது சரியான அளவாகியிருக்கலாம். அப்போது இரண்டு வழி. இன்னும் 100, 150 கலோரி குறைக்கலாம், அல்லது நாளின் நடமாட்டத்தைக் கூட்டலாம். களைத்துப்போயிருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, ஒன்றிரண்டு மாதம் இருக்கும் எடையிலேயே நிற்கும் அளவுக்குச் சாப்பிட்டுக்கொண்டு, பளுவை மட்டும் விடாமல் தொடருங்கள். அப்புறம் மறுபடி குறைக்கத் தொடங்கலாம்.

ஆறு மாதம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் டேப்பிலும் எடையிலும் அசைவே இல்லையென்றால், உங்கள் குறிப்பேட்டை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் படிக்குப் போங்கள். சாப்பிட்டது, தூக்கிய பளு, தூங்கிய நேரம் எல்லாம் எழுத்தில் இருந்தால் 'கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்க' என்று ஒரே வரியில் உங்களை யாரும் அனுப்பிவிட முடியாது.